கேமரா வாங்கப் போகிறீர்களா?



புதிதாகப் படம் பிடிக்கக் கற்றுக்கொள்பவர் எந்தக் கேமராவை, எவ்வளவு பணத்தில் வாங்கலாம் என்பது பற்றி இன்று பேசப் போகிறோம். தோட்டத்து மக்களுக்குக் கேமராவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக் கூடும். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "அப்பா, எனக்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கிக் கொடுங்கள். கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் படம் எடுத்துச் சம்பாதிக்கிறேன்" என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது.

பிள்ளையின் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தகப்பனாரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கேமரா ஒன்று வாங்குவதென்றால், செம்பனைக் குலை வெட்டியும் பால்மரம் சீவியும் ஈட்டிய ஒரு மாத உழைப்பு முழுவதும் அதற்கே போய்விடலாம். அப்படிப்பட்ட பணத்தைக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டும், விளம்பரத்தைப் பார்த்தும் செலவழிக்கலாமா? ஆழம் தெரியாமல் காலை விடலாமா? ஆகவே, வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், டி.எஸ்.எல்.ஆர். என்றால் என்ன? இது ஒரே லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் உதவும் மின்னியல் கேமரா. இதன் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு சிறு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு அனுப்புகிறது. பித்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது. பின்னால் இருக்கும் திரை திறந்து மூடுகிறது. அந்தக் கண நேரத்தில் ஒளி உள்ளே போய் ஒளியுணரியின் மீது விழுகிறது. 'டக்' என்று நாம் கேட்கும் சத்தம் இதனால்தான் எழுகிறது. முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது ஒளியுணரி இருக்கிறது. வேலை செய்யும் முறை அதேதான்.

ஒளியுணரியைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பால்மரக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிரை நிரையாக மரங்கள். மரத்துக்கு ஒரு மங்கு. ஒளியுணரியும் அப்படித்தான். அதில் லட்சக்கணக்கான மிகச் சிறிய மங்குகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியைச் சேகரிக்கிறது. கேமரா அவற்றை அளந்து படமாக்குகிறது. பத்து லட்சம் மங்குகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் மங்குகள்.

மங்கில் பால் நிறைவது மூன்றைப் பொறுத்தது. லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது ஒன்று. திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. மங்கு எவ்வளவு பெரியது என்பது மூன்றாவது. தொடக்கநிலை நிக்கோன் கேமராவின் ஒளியுணரி ஏறத்தாழ 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் கொண்டது. கேனன் கேமராவில் அது சற்றே சிறியது. சாதாரணக் கைப்பேசியின் ஒளியுணரி இதைவிடப் பல மடங்கு சிறியது. கோயில் திருவிழாவில் இரவு நேரத்தில் டி.எஸ்.எல்.ஆர். படம் தெளிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒளி போதாத இடத்தில் 'ஐ.எஸ்.ஓ.' என்ற எண்ணைக் கூட்டிப் படத்தை வெளிச்சமாக்கலாம். ஆனால் அது பாலில் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டுவது போன்றது. வாளி நிறைந்ததுபோல் தோன்றும். ஸ்டோரில் சோதித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐ.எஸ்.ஓ. அளவுக்கு மீறிக் கூடினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும்.

இனி, மெகாபிக்சல் மயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணிக்கை கூடினால் படம் நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாட்டில் சுமார் 4,288 புள்ளிகளும் அகலவாட்டில் 2,848 புள்ளிகளும் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 14 அங்குல நீளமும் 9 அங்குலத்துக்கு மேல் அகலமும் உள்ள படம் கிடைக்கும். நம் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இது தாராளம். 24 மெகாபிக்சல் என்றால் 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரும். ஆகவே, இந்த எண்ணைப் பார்த்து விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் தேவையைப் பார்க்க வேண்டும். பிள்ளையை உட்கார வைத்து, "எதைப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். பிறந்தநாள், பள்ளி விளையாட்டுப் போட்டி, உறவினர் கூட்டம் இவைதான் என்றால், வீட்டில் இருக்கும் கைப்பேசியே போதும். மூன்று மாதம் அதிலேயே நாள்தோறும் படம் எடுத்துப் பழகட்டும். காலை வெயில் எங்கிருந்து விழுகிறது, முகத்தில் நிழல் எப்படி விழுகிறது, பின்னணியில் துணிக் கயிறு தெரிகிறதா என்றெல்லாம் கவனிக்கக் கற்றுக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்து, "இரவில் எடுக்க முடியவில்லை, தொலைவில் உள்ள பறவையை எடுக்க முடியவில்லை" என்று குறையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால், அப்போது கேமராவுக்குப் பணம் செலவிடலாம். குறையைச் சொல்லத் தெரியாதவரைக்கும் புதுக் கருவி எதையும் திருத்தாது.

வாங்குவது என்று முடிவான பின், புதியதா, பழையதா என்ற கேள்வி வருகிறது. இங்கே ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. 2003இல் கேனன் நிறுவனம் 'இ.ஓ.எஸ். 300டி' என்ற கேமராவை 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அதுவரை தொழில்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த டி.எஸ்.எல்.ஆர்., அதற்குப் பிறகுதான் சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியது. இப்போது காலம் மாறிவிட்டது. உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களுக்குப் பெரிய நிறுவனங்கள் மாறிவிட்டன. கேனனும் நிக்கோனும் கடைசியாகப் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல்களை வெளியிட்டது 2020ஆம் ஆண்டில்தான்.

இதனால் நமக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வசதியுள்ளவர்கள் புதுவகைக்கு மாறிப் பழையவற்றை விற்கிறார்கள். ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவை எடுக்கும் படம் நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கும். தீமை என்னவென்றால், ஆண்டுகள் போகப் போகப் பழுது பார்க்க உதிரிப் பாகம் கிடைப்பது கடினமாகும். எனவே, கற்றுக்கொள்பவருக்கு என் யோசனை இதுதான்: பழைய உடலைக் குறைந்த விலைக்கு வாங்குங்கள், மிச்சப் பணத்தை லென்ஸுக்கும் பாதுகாப்புக்கும் வையுங்கள்.

'உடல்' என்று சொன்னேன். இந்தக் கேமராவில் உடல் வேறு, லென்ஸ் வேறு. லென்ஸைக் கழற்றி மாற்றலாம். பலர் கையில் உள்ள பணம் முழுவதையும் உடலுக்கே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மெமரி கார்டு வாங்கவும் காசு இருப்பதில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான். கையில் 1,500 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் உடலுக்கும் அதனுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸுக்குமாக 900 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. இன்னொரு நல்ல லென்ஸுக்கு 350 வெள்ளி ஒதுக்குங்கள். மீதி 250 வெள்ளியில் நம்பகமான கடையில் வாங்கிய கார்டு, உபரி பேட்டரி, ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றை வாங்குங்கள். தொகை கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பங்கீட்டை விடாதீர்கள்.

இரண்டாவது லென்ஸ் எதற்கு? 18-55 லென்ஸ் பல வேலைக்கும் உதவும். லயத்து வீட்டுக் கூடத்தில் பத்துப் பேரைச் சேர்த்து எடுக்க அதன் 18 மி.மீ. முனை வேண்டும். ஆனால் 55 மி.மீ. முனையில் அதன் வாய் 'எஃப் 5.6' அளவுக்குத்தான் திறக்கும். '50 மி.மீ. எஃப் 1.8' என்ற லென்ஸ் அதைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். விளக்கு வெளிச்சத்தில் சாமி ஊர்வலம் எடுக்கும்போது, ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திரை திறந்திருந்தால் படம் கலங்கிவிடும். இந்த லென்ஸைப் போட்டால் அதே ஒளிக்கு எழுபதில் ஒரு பங்கு நேரமே போதும். கை நடுக்கம் தெரியாது. முகத்தைத் தெளிவாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டும் படமும் இதில்தான் எளிதில் வரும்.

இனி எந்த மாடல்களைத் தேடலாம் என்று பார்ப்போம். நிக்கோனில் டி3300, டி3400, டி3500 ஆகியவை 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. மூன்றும் 24 மெகாபிக்சல் கொண்டவை, எடை குறைந்தவை. டி3500 ஒரு முறை பேட்டரி ஏற்றினால் சுமார் 1,550 படங்கள் எடுக்கும் என்று அந்நிறுவனம் அளவு கூறியிருக்கிறது. கேனனில் 2013இல் வந்த 700டி, 2017இல் வந்த 200டி, 2018இல் வந்த 1500டி ஆகியவற்றைப் பார்க்கலாம். வீடியோவும் எடுக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளி மைக்கைச் செருகும் துளை 700டி, 200டி ஆகியவற்றில் உண்டு; 1500டி, டி3400, டி3500 ஆகியவற்றில் இல்லை.

லென்ஸ் வாங்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. கேனனின் இ.எஃப். வகை லென்ஸ்களில் குவிக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நிக்கோனின் பழைய லென்ஸ்கள் பலவற்றில் மோட்டார் இல்லை. தொடக்கநிலை நிக்கோன் உடல்களிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் தானாகக் குவியாது; கையால் திருப்ப வேண்டியதுதான். ஆகவே நிக்கோன் வாங்குவோர் 'ஏ.எஃப்.-எஸ்.' என்று எழுதியிருக்கிற லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். புதுவகைக் கேமராக்களுக்கென்று வந்த கேனன் ஆர்.எஃப்., நிக்கோன் இசட் லென்ஸ்கள் இந்த உடல்களில் பொருந்தவே பொருந்தா.

பழைய பொருளை வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துக்குப் போகும்போது ஒரு சிறிய டார்ச் விளக்கும், உங்கள் சொந்த கார்டும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறு பக்கத்தில் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு, லென்ஸ் வாயை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சில இருந்தால் அவை ஒளியுணரியில் படிந்த தூசி, துடைத்துவிடலாம். கோடோ கீறலோ தெரிந்தால் வாங்காதீர்கள்.

மூன்று, திரை எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்று கேளுங்கள். இந்த வகைக் கேமராக்களின் திரை ஒரு லட்சம் தடவை வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நிக்கோன் கேமராவில் எடுத்த படக் கோப்பிலேயே இந்த எண் பதிந்திருக்கும், கணினியில் பார்க்கலாம். 20,000, 30,000 என்றிருந்தால் நல்லது.

நான்கு, எல்லாப் பித்தான்களையும் அழுத்திப் பாருங்கள். லென்ஸ் விரைவாகக் குவிகிறதா, ஃபிளாஷ் எழும்புகிறதா, பேட்டரி பெட்டிக்குள் பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து, எழுத்து மூலமான ரசீது கேளுங்கள். 'ஏ.பி. செட்' என்று சொல்லப்படும் வெளிவழி இறக்குமதிப் பொருளுக்கு நிறுவனத்தின் உள்நாட்டு உத்தரவாதம் இருக்காது. கடைக்காரரின் உத்தரவாதம் மட்டுமே இருக்கும். அது எத்தனை நாள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

வாங்கி வந்தாயிற்று. இனி காப்பாற்றுவது எப்படி? நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் கேமராவுக்குப் பெரும் பகை. தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் சில மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும். அது லென்ஸின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. இதற்கு விலையுயர்ந்த மின்சாரப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. ரப்பர் விளிம்புடன் காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில, ஈரமானி ஒன்று இருந்தால் போதும். ஈரமானி முள் 40க்கும் 50க்கும் இடையில் இருக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறினால் அது ஈரத்தை நிறைய உறிஞ்சிவிட்டது என்று பொருள். பழைய சட்டியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறிய பின் மீண்டும் வைக்கலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். நீல நிற ஜெல்லில் நச்சுப் பொருள் உண்டு. சிறு பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் வையுங்கள். ஈரத்தை இழுக்க அரிசி போடுவது வேண்டாம். அதன் தூள் கேமராவுக்குள் போய்விடும். இந்தத் தொடக்கநிலைக் கேமராக்கள் மழையைத் தாங்கா என்பதும் நினைவிருக்கட்டும்.

பணம் எப்படிச் சேர்ப்பது? மாதம் 125 வெள்ளி வீதம் சேர்த்தால் ஓர் ஆண்டில் 1,500 வெள்ளி. பிள்ளை பகுதிநேர வேலை செய்து அதில் பாதியைப் போடட்டும். தவணை முறையில் இழுத்துவிட்டு, படம் எடுத்துச் சம்பாதித்துக் கட்டுகிறேன் என்பது நம்பத் தக்க கணக்கன்று. சம்பாத்தியம் வருமோ வராதோ, தவணை மாதம் தவறாமல் வந்துவிடும். வட்டிக்காரரிடம் கைநீட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஓர் ஆண்டு காத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. அந்த ஓராண்டும் கைப்பேசியில் பழகிய பழக்கம் வீண்போகாது.

கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். தாலி கட்டும் நேரம் ஒரே ஒரு முறைதான் வரும். நாம் சொன்ன கேமராக்களில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். கார்டு கெட்டுவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? எனவே தொடக்கத்திலேயே தனியாக ஒரு கல்யாணத்தை ஏற்காதீர்கள். அனுபவமுள்ள ஒருவருக்கு உதவியாளாகப் பத்துப் பதினைந்து விழாக்களுக்குப் போங்கள். விளக்குப் பிடியுங்கள், பையைத் தூக்குங்கள், கூட்டத்தை எப்படி நிறுத்துகிறார் என்று பாருங்கள். எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் பதிந்து வைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். தொழிலுக்கு இந்தப் பழக்கம் கேமராவைவிட முக்கியம்.

அதுவரைக்கும் படம் எடுக்க எதுவும் இல்லை என்று எண்ண வேண்டாம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன; கோயில்கள் இடம் மாறின. அங்கு வாழ்ந்தவர்களிடம் அந்த வாழ்க்கையைக் காட்ட ஒரு நல்ல படம்கூட இல்லாத குடும்பங்கள் எத்தனையோ உண்டு. உங்கள் பாட்டி இருக்கிறார். தண்டலாக இருந்த தாத்தா இருக்கிறார். பழைய கோயில் மணி, பிள்ளைகள் பந்து விளையாடும் திடல், இன்னும் நிற்கும் பால்மரங்கள் இருக்கின்றன. அவர்களிடம் அனுமதி கேட்டு எடுங்கள். பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அச்சிட்டு அவர்கள் கையில் ஒன்று கொடுங்கள்.

சுருக்கமாகச் சொல்வதானால்: தேவையை அறிந்த பின் வாங்குங்கள், கடன் இல்லாமல் வாங்குங்கள், பழையதைச் சோதித்து வாங்குங்கள், உடலுக்குச் செலவழிப்பதில் சிக்கனமும் லென்ஸில் கவனமும் இருக்கட்டும், ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கமாக இருந்தால் கேமரா வீட்டுக்குப் பாரமாகாது. பிள்ளையின் கைக்கு ஒரு தொழிலாகவும், குடும்பத்துக்கு ஒரு நினைவுப் பெட்டகமாகவும் விளங்கும்.